தராசுக்கு முத்திரை, ஏரிக்கு மராமத்து... கல்லாப்பெட்டி கம்ப்யூட்டருக்கு?



எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கும் கடைக்காரர் எவரும் ஆண்டுக்கு ஒரு முறை அதற்கு முத்திரை போட மறப்பதில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தைக் காலம் முடியுமுன் புதுப்பித்துக் கொள்கிறோம். கண் திருஷ்டி படக்கூடாது என்று அமாவாசைதோறும் பூசணிக்காய் சுற்றி உடைக்கிறோம். ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நம் வரவு செலவு முழுவதையும் வயிற்றில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரை என்றைக்குக் கடைசியாகப் புதுப்பித்தோம் என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. "வாங்கின நாள்ல போட்டதுதான். நல்லாத்தானே ஓடுது!" என்பதுதான் பொதுவாக வரும் பதில்.

இப்படிச் சொன்னவர்களில் ஒருவர், உத்திரமேரூர் கடைத்தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் நண்பர். மகள் பள்ளியில் படித்தபோது கிடைத்த மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுவந்தார். அக்காள் மகன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். காசு செலவில்லை, வேகமும் கூடியது. மூன்று ஆண்டுக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் பில் போட்டார். நடுநடுவே திரையின் மூலையில் ஏதோ ஒரு பிழைச் செய்தி எட்டிப் பார்க்கும். அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

ஒரு மாதம் 11-ம் தேதி மாலை, விற்பனைக் கணக்கை ஏற்றுவதற்கு உட்கார்ந்தபோது இணையப் பக்கம் சரியாகத் திறக்கவில்லை. பிரவுசர் மிகவும் பழையது. மூலையில் வந்த செய்தியை அன்றுதான் படித்தார். அன்றிரவே அக்காள் மகனுக்குப் போன் போட்டார். அவன் வேலைக்குப் போன ஊரிலிருந்து வர நான்கு நாளாயிற்று. அதற்குள் 14-ம் தேதி வந்துவிட்டது. மதுராந்தகத்திலிருந்து சரக்கு வாங்கும் கடைக்காரர் கூப்பிட்டு, "என்னண்ணே, உங்க பில்லு எதுவும் எங்க கணக்குல வரலையே? இந்த மாச கிரெடிட் போயிடுச்சே!" என்று கேட்டார்.

ஜிஎஸ்டி முறை தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். மாதந்தோறும் ரிட்டன் போடும் மொத்த வியாபாரி 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றாவிட்டால், 14-ம் தேதி வாங்குபவருக்கு உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அந்தப் பில்கள் இடம்பெறா. அந்த மாத உள்ளீட்டு வரி வரவை அவர் எடுக்க முடியாது, அடுத்த மாதம்தான். தாமதக் கட்டணம் சிறிய தொகை. அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால், "இவரிடம் வாங்கினால் கிரெடிட் தள்ளிப் போகும்" என்று நாலு பேர் பேசிவிட்டால், அந்தப் பெயரை மாற்ற எத்தனை ஆண்டு ஆகும்? இந்த அனுபவத்துக்குப் பிறகே, நம் உறுப்பினர்கள் அனைவருக்கும் பயன்படும் வகையில் இதை விரிவாக எழுத வேண்டும் என்று நாம் முடிவு செய்தோம்.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல

லினக்ஸ் என்றால் ஏதோ படித்தவர்கள் விஷயம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. பின்லாந்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் தொடங்கியது அது. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதைத்தான் திறந்த மூலம் என்கிறார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு 1993-ல் டெபியன் என்ற தொகுப்பு பிறந்தது. டெபியனிலிருந்து உபுண்டு வந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை வைத்தே நம் நாட்டு மொழிகளுக்கு ஏற்ற 'பாஸ்' லினக்ஸை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பல மடிக்கணினிகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் தாங்கியே நம் வீடுகளுக்கு வந்தன. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்த விண்டோஸை ஏற்க முடியாத பழைய கம்ப்யூட்டர்களை வைத்திருப்போர், புதிது வாங்கக் காசு செலவழிக்காமல் லினக்ஸுக்கு மாறுகிறார்கள். மாறுவது நல்லதே. டேலி போன்று விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை நம்பியிருப்பவர்கள் மட்டும் தங்கள் கணக்காளரைக் கேட்டுக்கொண்டு மாறுவது உசிதம்.

ஆனால் விலையில்லை என்பதற்காகப் பராமரிப்பும் இல்லை என்று நினைப்பதுதான் தவறு. தானமாக வந்த மாட்டுக்கும் தீனி போட்டாக வேண்டும் அல்லவா?

நம் ஊர்க் கல்வெட்டு சொல்வது

குடவோலை முறை என்றதும் உலகமே நம் உத்திரமேரூரைப் பார்க்கிறது. ஆனால் அந்தக் கல்வெட்டில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வாரியத் தேர்தலுக்கான விதிகளை ஊர்ச் சபை கி.பி. 919-ல் வகுத்தது. இரண்டே ஆண்டு கழித்து, 921-ல், அதே சபை மறுபடியும் கூடி அந்த விதிகளைத் திருத்தியது. முதலில் உறுப்பினருக்கு வயது 30-க்கு மேல் 60-க்குள் என்று இருந்தது. திருத்தத்தில் 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறியது. சீட்டு எடுக்கும் முறையும் இன்னும் விரிவாக எழுதப்பட்டது. கல்லில் வெட்டிய சட்டத்தையே நடைமுறையில் குறை தெரிந்ததும் திருத்தினார்கள். திருத்தியதை எல்லோரும் படிக்கும்படி சுவரில் வெட்டியும் வைத்தார்கள்.

அதே சபையில் ஏரி வாரியம் என்று ஒன்று தனியே இருந்தது. ஏரியை வெட்டியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஆண்டுதோறும் ஆள் தேர்ந்தெடுத்து அதைப் பார்த்துக்கொண்டார்கள். கரையில் நண்டு வளை விழுந்தால் அன்றே அடைக்க வேண்டும். விட்டால் அடுத்த மழையில் உடைப்பு எடுக்கும் என்பது நம் பகுதி விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் மென்பொருளில் தெரியவரும் ஓட்டைகளும் அப்படித்தான்.

அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு

டெபியன், உபுண்டு, பாஸ் போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் பொட்டலமாகக் கட்டப்பட்டு ஒரு பொதுக் களஞ்சியத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. பிரவுசர், கணக்குத்தாள், பிரிண்டர் மென்பொருள் எல்லாமே அங்கிருந்துதான் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடம் தேடி அலைய வேண்டாம். பொட்டலங்களின் பட்டியல் மீது தொகுப்பாளரின் மின் முத்திரை இருக்கும். நம் கம்ப்யூட்டர் அந்த முத்திரையை உரைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டுமே சரக்கை உள்ளே விடும். நடைபாதையில் கிடைத்த மென்பொருளைப் போடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பில் இல்லாத சரக்குக்கும் முத்திரையிட்ட மூட்டைக்கும் உள்ள வேறுபாடே.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று தட்டினால் எதுவும் புதுப்பிக்கப்படுவதில்லை. அது சென்னை மொத்தக் கடையிலிருந்து இன்றைய விலைப்பட்டியலை வாங்கி வருவது மட்டுமே. அடுத்து 'சூடோ ஆப்ட் அப்கிரேட்' என்று தட்டினால்தான் சரக்கு வந்து இறங்கும். பட்டியலை மட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, கடையில் சரக்கு நிறைந்துவிட்டது என்று நினைக்கலாமா? கறுப்புத் திரை பழக்கமில்லாதவர்களுக்கு மெனுவில் உள்ள 'சாஃப்ட்வேர் அப்டேட்டர்' போன்ற நிரல் இரண்டையும் சேர்த்தே செய்து கொடுக்கும்.

ஒரே களஞ்சியம் என்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 2023 செப்டம்பரில், படங்களைத் திரையில் காட்டப் பயன்படும் 'லிப்வெப்பி' என்ற சிறிய நூலகத்தில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வஞ்சகமாகச் செய்யப்பட்ட ஒரு படத்தைப் பார்த்தாலே கம்ப்யூட்டருக்குள் ஆள் நுழைய வழி இருந்தது. குரோம், ஃபயர்பாக்ஸ் முதலான பிரவுசர்கள் அனைத்தும் அந்த நூலகத்தையே நம்பியிருந்தன. சில நாட்களிலேயே திருத்தம் களஞ்சியங்களுக்கு வந்துவிட்டது. லினக்ஸில் அந்த ஒரு பொட்டலத்தைப் புதுப்பித்ததும், அதைப் பொதுவாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சீராயின. ஆனால் யாருக்கு? புதுப்பித்தவர்களுக்கு மட்டும்!

மருந்து வந்தும் சாப்பிடாதவர்கள்

2017 மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டுப் போட்டுவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. ஆந்திரக் காவல் துறையின் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டின. அது தாக்கியது விண்டோஸை, லினக்ஸை அல்ல. ஆனால் பாடம் இருவருக்கும் பொது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ம் தேதியே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் மருந்து அலமாரியில் இருந்தது. எடுத்துச் சாப்பிடாதவர்கள்தான் படுத்தார்கள்.

திருத்தம் வெளியாகும்போது, எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பதும் திருடனுக்குத் தெரிந்துவிடுகிறது என்பதை மறக்கக்கூடாது. புதுப்பிக்காத கம்ப்யூட்டர், "இந்தக் கடைக்குப் பின்கதவில் தாழ்ப்பாள் இல்லை" என்று பலகை எழுதி மாட்டியது போலத்தான்.

வைரஸே வராவிட்டாலும் பழையது ஒருநாள் மறுத்துவிடும். இணையதளங்களின் நம்பகத்தன்மைக்குச் சான்று தரும் வேர்ச் சான்றிதழ்களுக்கும் காலவரம்பு உண்டு. அப்படி ஒரு முக்கியமான சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ம் தேதி காலாவதியானபோது, நீண்ட நாள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பலவற்றில் நல்ல இணையதளங்களும் திறக்க மறுத்தன. தளத்தில் குற்றமில்லை, பார்க்கும் கருவியில் பட்டியல் பழசு.

புத்தம் புதியதும் வேண்டாம்

"அப்படியானால் நேற்று வந்ததை இன்றே போட்டுவிடுவோம்" என்று துள்ளுவதும் ஆபத்து. 2024 மார்ச் 29-ம் தேதி வெளிவந்த செய்தி அதற்குச் சான்று. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற மென்பொருளில், பராமரிப்பில் உதவுபவர் போல் நீண்ட நாள் கூட இருந்த ஒருவரே கள்ளச்சாவி வைத்திருந்தார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவியதால் அது பிடிபட்டது. மூல நிரல் திறந்து கிடந்ததால்தான் அவரால் துருவ முடிந்தது.

அந்தக் கள்ளச்சரக்கு டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரைதான் வந்திருந்தது. எல்லோரும் பயன்படுத்தும் 'ஸ்டேபிள்' என்ற நிலையான பதிப்பை எட்டவில்லை. ஆகவே கடைக்கு ஏற்றது நிலையான பதிப்பு. அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை உடனே ஏற்பது. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் போதும். புதுமைக்கு அவசரம் வேண்டாம். பழுதுக்குத் தாமதம் வேண்டாம்.

நண்பர் எங்கே தவறினார்?

உபுண்டுவில் இரண்டு வகைப் பதிப்புகள் உண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏப்ரலில் வரும் 'எல்டிஎஸ்' என்ற நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு பராமரிப்பு. உதாரணமாக 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். இடையில் வரும் பதிப்புகளுக்கோ ஒன்பதே மாதம். டெபியன் நிலையான பதிப்புக்கு மூன்று ஆண்டு முழுப் பராமரிப்பும், அதன்பின் இரண்டு ஆண்டு நீண்டகாலப் பராமரிப்பும் உண்டு.

நம் நண்பரின் கம்ப்யூட்டரில் இருந்தது ஒன்பது மாத வகை. காலம் முடிந்ததும் அதன் களஞ்சியக் கதவு மூடப்பட்டது. "சரக்கு இல்லை" என்றுதான் மூலையில் அந்தச் செய்தி மூன்று ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பையனுக்குப் புதியதாகத் தெரிந்ததைப் போட்டான். குற்றம் சொல்ல முடியாது. கடைக்கு லினக்ஸ் போடச் சொல்லும்போது, "நீண்டகாலப் பதிப்பு போடு, எந்த ஆண்டு முடிகிறது என்று எழுதிக் கொடு" என்று கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

நாம் கடைப்பிடிக்க வேண்டியவை

ஒன்று: பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வந்து பதியும்படி அமைக்கலாம். 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற பொட்டலம் அதற்கென்றே இருக்கிறது. உபுண்டுவில் அது பெரும்பாலும் முன்பே இருக்கும். இயங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளவும்.

இரண்டு: மற்றவற்றை வாரம் ஒரு முறை, கடை மூடிய பிறகு செய்யவும். 10, 11, 19, 20 தேதிகளில் தொட வேண்டாம். 11-ல் ஜிஎஸ்டிஆர்-1, 20-ல் ஜிஎஸ்டிஆர்-3பி இருக்கின்றன. தீபாவளி, பொங்கல் விற்பனை நெருக்கத்திலும் பெரிய மாற்றங்களைத் தள்ளி வைத்து, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் ஏற்கவும்.

மூன்று: முதலில் கணக்குக் கோப்புகளுக்கு நகல். ஒரு பென் டிரைவில் எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும்.

நான்கு: பாதியில் கரண்ட் போனால் பொட்டலங்கள் அரைகுறையாக நின்றுவிடும். யுபிஎஸ் இருக்கட்டும், மடிக்கணினியானால் சார்ஜரைச் செருகியே செய்யவும். நின்றுவிட்டாலும் பயப்பட வேண்டாம்; விட்ட இடத்திலிருந்து தொடர 'டிபிகேஜி' என்ற நிரலில் வழி இருக்கிறது. திரையில் வரும் செய்தியே அந்தக் கட்டளையைக் காட்டும்.

ஐந்து: கெர்னல் என்ற மையப் பகுதி மாறினால், கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் அது நடைமுறைக்கு வரும். மாதக்கணக்கில் மூடி மூடித் திறக்கும் மடிக்கணினியில் திருத்தம் பதிந்தும் பயனில்லாமல் கிடக்கும்.

ஆறு: முடித்ததும் ஒரு மாதிரி பில் அடித்துப் பார்க்கவும். காலையில் வாடிக்கையாளர் நிற்கும்போது பிரிண்டர் மக்கர் செய்வதைவிட இரவிலேயே தெரிந்துகொள்வது மேல்.

ஏழு: நான்கைந்து கம்ப்யூட்டர் உள்ள மொத்தக் கடைகளில், ஒன்றில் முதலில் புதுப்பித்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு மற்றவற்றில் செய்யலாம். 'ஆப்ட் கேச்சர்' போன்ற நிரலை ஒரு கம்ப்யூட்டரில் வைத்தால், ஒரு முறை இறக்கியதையே மற்றவையும் எடுத்துக்கொள்ளும். செல்போன் டேட்டாவில் ஓட்டும் நமக்கு இது நல்ல மிச்சம்.

"ஓடுவதை ஏன் தொட வேண்டும்?"

இப்படிக் கேட்பவர்களின் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. புதுப்பித்த மறுநாள் பிரிண்டர் வேலை செய்யாமல் போனதை நாமே சங்க அலுவலகத்தில் அனுபவித்திருக்கிறோம். அன்று பில் புத்தகத்தில் கையால் எழுதிச் சமாளித்தோம். பிறகு, கம்ப்யூட்டரைத் திறக்கும்போது வரும் பட்டியலிலிருந்து முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் அது சரியாகிவிட்டது. புதியது வந்தாலும் பழைய கெர்னல் ஒன்றை லினக்ஸ் கைவசம் வைத்திருப்பது இதற்காகத்தான். அந்த ஒரு நாள் தொல்லைக்காகப் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்டால், குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போன கதைதான். திட்டமிட்டு நாம் தேர்ந்தெடுக்கும் நாளில் அரைமணி நேரத் தொல்லையா, 11-ம் தேதி மாலை நம்மைத் தேர்ந்தெடுத்து வரும் தொல்லையா என்பதே கேள்வி.

நம் நண்பர் இப்போது நீண்டகாலப் பதிப்புக்கு மாறிவிட்டார். கல்லாப்பெட்டியில் சிறு நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். புதுப்பித்த தேதி, நகல் எடுத்த தேதி, பதிப்பு முடியும் ஆண்டு மூன்றும் அதில் இருக்கின்றன. எழுதுவது யார் என்று கேட்டோம். "நான்தாங்க. பையன் வெளியூர்ல இருக்கான். கடை எங்கிட்டதானே இருக்கு!" என்றார். மதுராந்தகத்துக் கடைக்காரரும் இப்போது அவரிடமே சரக்கு எடுக்கிறார்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இந்த இதழைப் படித்து முடித்ததும், தங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பதிப்பின் பெயரையும், அது முடியும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டுகிறோம். காலம் முடிந்தவற்றை ஒரே நாளில் உட்கார்ந்து சேர்ந்தே மாற்றிவிடலாம். ஊர் கூடி ஏரியைப் பார்த்துக்கொண்ட மண்ணில் நமக்கு இது பெரிய வேலையல்ல.